பழைய லொறியை சேலில் கொடுத்து மாற்றவா, வெளியே விற்கவா? சனிக்கிழமைக்குள் சொல்லவேண்டும்

கந்தப்பளை கரட்:
வணக்கம். பழைய லொறி ஒன்று இருக்கிறது. கண்டிப் பக்கம், வாகனம் வாங்கி விற்கும் ஒரு சேலில் அதைக் கொடுத்துவிட்டு, மேலே காசு போட்டு வேறொன்று எடுக்கலாம் என்று போனேன். 34 லட்சம்தான் போடுவார்களாம். எங்கள் ஊரில் இதே மாதிரி ஒன்று 42க்குப் போனது என்கிறார்கள். சனிக்கிழமைக்குள் பதில் வேண்டுமாம். கொஞ்சம் புகை இருக்கிறது, மற்றபடி நல்ல வண்டி. தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லுங்கள்.

ஹட்டன் டிரைவர்:
என்ன லொறி தம்பி? எல்ஃபா, கேன்டரா, டைனாவா? எத்தனை அடி? எந்த வருஷம்?

லீக்ஸ் மாமா:
புகை என்ன நிறம்? வெள்ளை ஒரு கதை, நீலம் ஒரு கதை, கருப்பு வேறு கதை.

ஸ்பேனர் 14:
மாதத்துக்கு இரண்டு பேர் இப்படித்தான் வருகிறார்கள். சீ.ஆர்., அதுதான் பதிவுச் சான்றிதழ், யார் பெயரில்? லீசிங் கடன் இருக்கிறதா? நம்பர் பிளேட் பழைய ஸ்ரீ நம்பரா, அதற்கப்புறம் வந்த டாஷா, எழுத்து நம்பரா? இதெல்லாம் சொல்லாமல் விலை கேட்பது, நோயாளியை லயத்தில் படுக்க வைத்துவிட்டு டொக்டரிடம் மருந்து மட்டும் கேட்கிற மாதிரி. மற்றவர்களும் விவரம் வரும்வரை சும்மா இருங்கள்.

பதுளைப் பையன்:
விவரம் எதற்கு? விற்றுவிடுங்கள், அவ்வளவுதான். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை மூடியதிலிருந்து பழைய லொறி தங்கம் மாதிரி இருந்தது. 2025 பெப்ரவரியில் திறந்தாயிற்று. வைத்திருக்க வைத்திருக்க நட்டம்.

ஹட்டன் டிரைவர்:
திறந்தார்கள் சரி, வரி? மற்ற வரியெல்லாம் போட்டு, அதற்கு மேலே 18 வீத வாட். கரட் ஏற்றுகிறவன் புது லொறியைப் படத்தில்தான் பார்க்கலாம். பழையதற்கு ஆள் இருக்கத்தான் செய்யும்.

கந்தப்பளை கரட்:
மன்னிக்கவேண்டும், அவசரத்தில் எழுதிவிட்டேன். இசுசு எல்ஃப், பதினாலரை அடி, 4எச்.எஃப்.1 இஞ்சின், 1996 மொடல், எழுத்து நம்பர். புகை காலையில் வெள்ளை, சூடானதும் போய்விடும். உரமோ அரிசியோ ஏற்றிக்கொண்டு ராம்பொட மலை ஏறும்போது கருப்பு. தம்புள்ளைக்கும் பேலியகொடைக்கும் மரக்கறி ஓடுகிறது. அடிச்சட்டத்தில், அதுதான் செஸியில், கொஞ்சம் துரு.

லீக்ஸ் மாமா:
காலைப் புகை பெரும்பாலும், குளிரில் ஸ்டார்ட் ஆக உதவும் ஹீட்டர் பிளக். இந்தக் குளிரில் ஒன்று செத்தாலும் காட்டிக்கொடுத்துவிடும். மாற்றிவிட்டு விற்பனைக்குப் போடுங்கள், அந்தச் செலவு விலையில் திரும்ப வரும். கருப்புப் புகைக்குப் பயப்படவேண்டாம். நுவரெலியா 1,868 மீட்டர். கடல் மட்டத்தில் இருப்பதைவிட இங்கே காற்று ஐந்தில் ஒரு பங்கு குறைவு, பம்ப் மட்டும் சமவெளியில் ஊற்றும் அதே டீசலை ஊற்றிக்கொண்டிருக்கும். டர்போ இல்லாத லொறி எல்லாம் மேலே வந்தால் கொஞ்சம் கருப்பாகத்தான் மூச்சு விடும். இன்னொன்று, விற்கும்முன் இஞ்சினைக் கழுவிவிடாதீர்கள். பளபளவென்று இருந்தால் எங்கே எண்ணெய் கசிந்தது என்றுதான் தேடுவார்கள்.

ஸ்பேனர் 14:
மாமாவுக்கு எல்லா வருத்தத்துக்கும் காற்றுதான் காரணம். டீசலைத் தெளிக்கும் இஞ்செக்டர் என்று ஒன்று இருப்பதை யாராவது சொல்லிவைத்தால் நல்லது.

வெலிமடை கராஜ்:
புகையை விடுங்கள், துருவைப் பாருங்கள். கழுவின கரட்டைத் தண்ணீர் வடியாமலே மூட்டை கட்டி ஏற்றுகிறோம். அந்தத் தண்ணீர் இரவு முழுக்கப் பலகை இடுக்கால் சொட்டும். சாமான் ஏற்றும் பொடிக்கும் செஸிக்கும் நடுவில் வைத்திருக்கும் மரக்கட்டை அதைக் குடித்துக்கொண்டு ஈரமாகவே கிடக்கும். கட்டைக்குக் கீழே ஸ்குரூட்ரைவர் பிடியால் தட்டிப் பாருங்கள். டிங் என்றால் பெயின்ட் அடித்தால் போதும். டப் என்றால் உள்ளே இதழ் இதழாக உரிந்திருக்கும்.

வாங்கத் தெரிந்தவன் முதலில் கீழேதான் படுப்பான். அப்புறம் இஞ்சினை ஓடவிட்டு, எண்ணெய் ஊற்றும் மூடியைக் கழற்றி, அதே வாயில் தலைகீழாக வைப்பான். மூடி அங்கேயே உட்கார்ந்திருந்தால் 42 கேளுங்கள். துள்ளி விழுந்தால் இஞ்சின் தேய்ந்திருக்கிறது, 34 நல்ல விலை.

கேன்டர் காதலன்:
4டி33 கேன்டராக இருந்தால் இந்தப் பேச்சே இல்லை. ராம்பொடயில் எல்ஃப் இரண்டாம் கியரில் அழும்போது கேன்டர் மூன்றில் போகும்.

ஹட்டன் டிரைவர்:
காலி லொறியோடு போயிருப்பீர்கள். இறங்கும்போது எப்படி, கேன்டர் காதலரே? நியூட்ரல்தானா?

கேன்டர் காதலன்:
நேர்ப் பாதை இருந்தால் போடுவேன். டீசல் மிச்சம். இருபது வருஷமாக ஒன்றும் ஆகவில்லை.

வெலிமடை கராஜ்:
இருபது வருஷம் அதிர்ஷ்டம். கியரில் இருந்தால்தான், புகை வழியை அடைத்து வேகத்தைக் குறைக்கும் எக்ஸோஸ்ட் பிரேக் பிடிக்கும். நியூட்ரலில் பாரம் முழுக்க பிரேக் டிரம்மின் தலையில். புசல்லாவைக்கு வருவதற்குள் பிரேக் லைனிங் கருகும் மணம் கெபினுக்குள் வரும், அதற்கப்புறம் மிதித்தால் கல் மாதிரி இருக்கும், நிற்காது. மிச்சம் பிடித்த டீசல் காசு ஒரு லைனிங் செட்டுக்குக் காணாது.

கேன்டர் காதலன்:
எல்ஃப் லைனிங்கைச் சொல்கிறீர்கள்.

ஹட்டன் டிரைவர்:
சரி, தம்பியின் கேள்விக்கு வருவோம். 34ஐயே பார்த்துக்கொண்டிருக்காதே. மேலே எவ்வளவு வைக்கச் சொல்கிறார்கள் என்று பார். என் பழைய டைனாவுக்கு ஒரு சேலில் மற்ற எல்லோரையும் விட 3 லட்சம் கூடப் போட்டார்கள். மகிழ்ச்சியில் வரும் வழியிலேயே எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன். வீட்டில் வந்து விசாரித்தால், நான் எடுத்த வண்டியில் 4 லட்சம் ஏற்றியிருக்கிறார்கள். வேறொரு ஆளை அனுப்பி, மாற்ற ஒன்றும் இல்லை, கைக்காசு என்று சொல்லி விலை கேள். அந்த விலைக்கும் உனக்குச் சொன்ன விலைக்கும் உள்ள வித்தியாசத்தை 34இலிருந்து கழி. அதுதான் உன் லொறிக்கு அவர்கள் தரும் விலை.

ஸ்பேனர் 14:
நான் கேட்டதற்கு இன்னும் பதில் இல்லை. லீசிங்?

கந்தப்பளை கரட்:
லீசிங் 2019இலேயே கட்டி முடிந்துவிட்டது.

ஸ்பேனர் 14:
கட்டி முடிந்ததா என்று கேட்கவில்லை. சீ.ஆர்.இல் முழு உரிமையாளர் என்ற இடத்தில் யார் பெயர்?

கந்தப்பளை கரட்:
இப்போதுதான் அலுமாரியிலிருந்து எடுத்துப் பார்த்தேன். லீசிங் கம்பனியின் பெயர் அப்படியே இருக்கிறது.

ஸ்பேனர் 14:
முதல் பதிலிலேயே கேட்டேன். சேல்காரன் சீ.ஆர்.ஐப் பார்த்த உடனே விலையைக் குறைத்திருப்பான், உங்களிடம் புகை என்று சொல்லியிருப்பான். கம்பனிக்குப் போய் கடன் தீர்ந்த கடிதத்தை வாங்குங்கள். அதோடு மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் அந்தப் பெயரை எடுத்துவிடுங்கள். அது போகாமல் யார் பெயருக்கும் மாற்ற முடியாது, யாரும் முழு விலை தரமாட்டான்.

லீக்ஸ் மாமா:
இதை மட்டும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் புகை விஷயத்தில் நான் சொன்னதுதான்.

பதுளைப் பையன்:
அவ்வளவு அலைச்சல் எதற்கு? வாங்குபவர் பெயர் எழுதாத ஓப்பன் பேப்பரில் கையெழுத்து வைத்துக் கொடுத்தால் சேல்காரன் எல்லாம் பார்த்துக்கொள்வான்.

ஹட்டன் டிரைவர்:
அப்படித்தான் நானும் ஒரு வேனைக் கொடுத்தேன். இரண்டு வருஷம் கழித்து, நான் போயே இராத ஊரிலிருந்து பொலிஸ் போன். மதிலை இடித்துவிட்டு ஆள் ஓடிவிட்டானாம், பதிவுப் புத்தகத்தில் இன்னும் என் பெயர். விற்றதை நிரூபிக்க என்னிடம் ஒரு துண்டுகூட இல்லை. தம்பி, வாங்குபவர் பெயர் மாற்ற எம்.டீ.ஏ. 6 என்ற படிவம் நிரப்பவேண்டும், நீ கைமாறியதை அறிவிக்கும் எம்.டீ.ஏ. 8. கைமாறி 14 நாளைக்குள் திணைக்களத்துக்குப் போகவேண்டும். உன்னுடையதை நீயே கொண்டுபோய்க் கொடு, அவர் கையில் விடாதே. அடையாள அட்டைப் பிரதி, சாவி கொடுத்த திகதி, நேரம், எல்லாம் ஒரு தாளில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்து வையுங்கள்.

வெலிமடை கராஜ்:
தகுதிச் சான்றிதழும் வருமான அனுமதிப்பத்திரமும் எப்போது முடிகிறது? இன்னும் சில மாதம் இருந்தால் அதுவும் ஒரு பேரம்.

லீக்ஸ் மாமா:
தம்பி?

ஸ்பேனர் 14:
போய்விட்டார். எல்லோரும் இப்படித்தான்.

கேன்டர் காதலன்:
அது வரைக்கும் ஒரு கேள்வி. எல்ஃபில் லைனிங் எத்தனை மாதத்துக்கு ஒரு தடவை மாற்றுகிறீர்கள்? உண்மையைச் சொல்லவேண்டும்.

வெலிமடை கராஜ்:
உங்களை மாதிரி ஓட்டினால் மாதாமாதம்.

கந்தப்பளை கரட்:
ஒன்றரை மாதமாக இந்தப் பக்கம் வர முடியவில்லை, மன்னிக்கவும். கம்பனிக்கு மூன்று தடவை, திணைக்களம் இருக்கும் நாரஹேன்பிட்டிக்கு இரண்டு தடவை போய் பெயரை எடுத்தாயிற்று. ஹீட்டர் பிளக் இரண்டு செத்திருந்தது, நாலையும் மாற்றினேன். ஊவா பக்கத்து ஆள் ஒருவர் வந்தார், நேரே கீழே படுத்தார். ஒரு இடத்தில் டப். மூடி கொஞ்சம் ஆடியது, விழவில்லை. 39½க்குப் போனது. எம்.டீ.ஏ. 8 நானே கொடுத்துவிட்டேன். எல்லோருக்கும் நன்றி, ஸ்பேனர் அண்ணனுக்கும்.

ஹட்டன் டிரைவர்:
நல்லது தம்பி. அந்தக் காசுக்கு என்ன எடுத்தாய்?

கேன்டர் காதலன்:
பதில் வராது. கேன்டராகத்தான் இருக்கும்.