அர்ச்சுனன் தபசு இந்த ஆண்டு எந்த ஊரில், எந்தத் தேதியில்?

அனைவருக்கும் வணக்கம். செய்யாறு, வந்தவாசி, ஆரணிப் பக்கத்து நண்பர்களிடம் ஓர் உதவி வேண்டும்.

என் அம்மாவுக்கு வயது 74. செய்யாற்றுப் பக்கம் பிறந்தவர். இப்போது சென்னையில் என்னோடு இருக்கிறார். திரௌபதி அம்மன் திருவிழாவில் அர்ச்சுனன் தபசை இன்னும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்கிறார். அர்ச்சுனன் வேடம் கட்டியவர் பாடிக்கொண்டே, தபசு மரம் என்னும் உயரமான கம்பத்தில் ஒவ்வொரு படியாக ஏறுவார். உச்சியிலிருந்து அவர் வீசும் எலுமிச்சம்பழத்துக்காகப் பிள்ளை வரம் வேண்டும் பெண்கள் கீழே முந்தானை ஏந்தி நிற்பார்கள். “உன் பாட்டியும் அப்படி ஏந்தியவள்தான். அதற்குப் பிறகுதான் நான் பிறந்தேன்” என்று நேற்றுக்கூடச் சொன்னார்.

போன ஆண்டு யாரோ அனுப்பிய பழைய நோட்டீஸை நம்பிப் போனோம். அங்கே பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். திரும்பும் வழியெல்லாம் அம்மா பேசவே இல்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் கூத்து, கடைசி நாளில் துரியோதனன் வீழ்வதைக் காட்டும் படுகளம், தீமிதி என்ற வரிசை தெரியும். ஆனால் தேதி ஊருக்கு ஊர் மாறுகிறது. தபசு என்றைக்கு என்பதை ஊர்க்காரர்கள்தான் சரியாகச் சொல்ல முடியும். உங்கள் ஊரில் நோட்டீஸ் அச்சாகியிருந்தால் படம் எடுத்து இங்கே போடுங்கள்.

இன்னொன்று. முழங்கால் வலியால் அம்மாவால் தரையில் உட்கார முடியாது. ஓரமாக ஒரு நாற்காலி போட்டுக்கொள்ளலாமா? பக்கத்தில் கழிப்பறை வசதி உள்ள வீடு ஏதாவது இருக்குமா? விடியும்வரை இருக்க அவர் தயார்.