ஓசியா வாசிப்பு: எங்கள் குடும்பக் குழுவில் நடந்த பேச்சு

சித்தி: இன்று காலை வேதாகமத்தில் ஓசியா தீர்க்கதரிசியின் புத்தகம் 11ஆம் அதிகாரம் வாசித்தேன். வட இஸ்ரவேல் ஜனங்களை எப்பிராயீம் என்று பிள்ளைபோல் அழைத்து, "எப்பிராயீமைக் கைபிடித்து நடக்கப் பழக்கியவர் நான். அவர்களோ தங்களைக் குணமாக்கியவர் யாரென்றே அறியாமல் போனார்கள்" என்று ஆண்டவர் சொல்கிற இடத்தில் அழுதுவிட்டேன்.

அண்ணன்: ஒரு சந்தேகம் சித்தி. நடக்கப் பழகியது எந்தப் பிள்ளைக்கு நினைவிருக்கும்? அதைக் குற்றமாகச் சொல்லலாமா?

மாமா: அவர்கள் பக்தியில்லாதவர்களும் அல்லவே. பெத்தேல், கில்கால் ஆராதனை இடங்களில் பலி ஓயவே இல்லை.

பெரியப்பா: மாப்பிள்ளை, குற்றச்சாட்டே அங்கேதான் இருக்கிறது. 2ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். தானியமும் திராட்சரசமும் எண்ணெயும் தந்தவர் கர்த்தர். நன்றி போய்ச் சேர்ந்ததோ கானானியர் தெய்வமான பாகாலுக்கு. அவர் தந்த வெள்ளியையும் பொன்னையும்கூட அங்கேயே கொண்டுபோய்க் கொட்டினார்கள்.

நான்: எகிப்திலிருந்து மீட்டுவந்தது அவர்களுக்குத் தெரியாதா பெரியப்பா?

பெரியப்பா: தெரியும் அம்மா. ஆனால் எகிப்தில் வயலுக்கு நைல் ஆறு இருந்தது. கானான் மலைநாட்டில் மழை தவறினால் பஞ்சம். அந்த நாட்டார் மழைக்கு அதிபதி பாகால் என்று நம்பினார்கள். சிரியாக் கடற்கரையில் உகரித் நகரத்தில் 1929 முதல் கிடைத்த களிமண் பலகைகளில் அவன் மேகத்தின்மேல் ஏறி வருகிறான். கடலைப் பிளந்தவர் கர்த்தர், மழை தருகிறவன் பாகால் என்று இவர்களும் பங்கு பிரித்துவிட்டார்கள்.

மாமா: 1910இல் வட இஸ்ரவேலின் தலைநகரமான சமாரியாவில் தோண்டியெடுத்த பானை ஓடுகள் நினைவுக்கு வருகின்றன அத்தான். கி.மு. 8ஆம் நூற்றாண்டு. பழைய திராட்சரசம், எண்ணெய் வந்த கணக்கு அவற்றில் இருக்கிறது. ஓசியா சொல்லும் அதே பொருள்கள்! ஆட்களின் பெயர்களிலும் சிலவற்றில் கர்த்தரின் நாமம், சிலவற்றில் பாகால்.

பெரியப்பா: ஓசியா பேசத் தொடங்கியது இஸ்ரவேலின் ராஜா இரண்டாம் யெரொபெயாமின் நாட்களில். 41 ஆண்டு ஆட்சி, விரிந்த எல்லைகள், தந்தம் இழைத்த வீடுகள். 13ஆம் அதிகாரம் சொல்வதும் இதையே: திருப்தியானார்கள், இருதயம் மேட்டிமையானது, என்னை மறந்தார்கள்.

அண்ணன்: என் கேள்வி அப்படியே நிற்கிறது.

சித்தி: நான் சொல்கிறேன் ராஜா. பிள்ளைக்கு நினைவிராது, அதனால்தான் பெரியவர்கள் சொல்லிச்சொல்லி வளர்க்கிறோம். வேதாகமத்தின் உபாகமம் புத்தகம் 26ஆம் அதிகாரத்தில், விளைச்சலின் முதற்பலனைக் கூடையில் கொண்டுவருகிறவன் பேசாமல் வைத்துவிட்டுப் போக முடியாது. எங்கள் தகப்பன் எகிப்தில் பரதேசியாக இருந்தான், கர்த்தர் மீட்டார், இந்த நிலத்தைத் தந்தார் என்று வாய்திறந்து சொல்ல வேண்டும். இதையெல்லாம் ஜனங்களுக்குப் போதிக்க வேண்டிய ஆசாரியர்களைத்தான் ஓசியா 4ஆம் அதிகாரத்தில் பிடிபிடியென்று பிடிக்கிறார்.

அண்ணன்: அப்படியானால் பிள்ளையைவிடப் பெரியவர்கள்மேல்தான் கோபம் அதிகம். இப்போது புரிகிறது.

நான்: "எப்பிராயீமே, நான் உன்னை எப்படிக் கைவிடுவேன்" என்று கேட்டவர்தானே? பிறகு கி.மு. 722 வாக்கில் அசீரியர் கையில் சமாரியா விழுந்ததே?

பெரியப்பா: விழுந்தது. அதை மழுப்பக் கூடாது. அசீரியன் அவர்களுக்கு ராஜாவாவான் என்று அதே 11ஆம் அதிகாரத்தில்தான் இருக்கிறது. தண்டிக்கவும் வேண்டும், விட்டுவிடவும் மனமில்லை. அந்தத் தவிப்பை ஓசியா மறைக்கவே இல்லை.

சித்தி: கடைசி அதிகாரத்தையும் பாருங்கள் அத்தான். திரும்பி வருகிறவர்கள் என்ன சொல்ல வேண்டும் என்பதைக்கூடச் சொல்லிக்கொடுக்கிறார்: அசீரியா எங்களை இரட்சிக்காது, எங்கள் கைகள் செய்ததை இனி தேவர்கள் என்று சொல்லமாட்டோம். 8ஆம் வசனத்தில், உன் கனி என்னாலே உண்டாயிற்று என்கிறார். 2ஆம் அதிகாரத்து வழக்கு அங்கே தீர்கிறது.

அண்ணன்: ஞாயிறு ஜெபத்தில் 14ஆம் அதிகாரத்தை நான் வாசிக்கட்டுமா?

சித்தி: வாசி ராஜா. உபாகமம் 26ஐயும் சேர்த்துக்கொள்.