பறவைக் கூடு உள்ள வீட்டில் நுளம்பு, கரப்பான், எறும்பு: எதைப் பயன்படுத்தலாம்?

தினைக்கதிர் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் திருகோணமலையில், பாலையூற்றுப் பக்கம் வசிக்கிறோம். பின்விறாந்தையில் ஆறு லவ் பேட்ஸும் ஒரு சோடி கொக்கட்டீலும் வளர்க்கிறோம். (பட்ஜரிகர் என்பதே சரியான பெயர் என்று மகன் என்னைத் திருத்துகிறான், ஆனால் கடையில் லவ் பேட்ஸ் என்று கேட்டால்தான் எடுத்துக் காட்டுகிறார்கள்.) மாரி தொடங்கியதிலிருந்து வீட்டில் நுளம்புத் தொல்லை தாங்க முடியவில்லை. சமையலறையில் கரப்பொத்தான் பெருகிவிட்டது. கூட்டின் கீழே சிந்துகின்ற தினைக்கு எறும்பு வரிசை கட்டி வருகிறது.

மூன்று கிழமைக்கு முன்னர், வீடுகளுக்குப் பூச்சி மருந்து அடிக்கும் ஒரு நிறுவனத்தாரை அழைத்தோம். மருந்துக்கு மணமே இல்லை என்றும், நாய் பூனை உள்ள வீடுகளிலும் இதைத்தான் அடிக்கிறோம் என்றும், கூட்டைத் துணியால் மூடிவிட்டால் போதும் என்றும் வந்தவர் கூறினார். நாங்களும் தடித்த போர்வையால் மூடினோம். மாலையில் போர்வையை எடுத்தபோது ஒரு குருவி கூட்டின் அடித்தட்டில் இறங்கி இருந்து, வாயைத் திறந்தபடி, ஒவ்வொரு மூச்சுக்கும் வாலை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டிருந்தது. விடிவதற்குள் அது இறந்துவிட்டது. அதன் சோடி இரண்டு நாள் எதுவும் உண்ணவில்லை.

இனி மருந்து அடிப்பதில்லை என்று முடிவு செய்துவிட்டோம். ஆனால் பூச்சிகளோடு அப்படியே வாழவும் முடியாது. வீட்டில் மாமிக்கு வயது எழுபதைக் கடந்துவிட்டது, சென்ற ஆண்டு அவருக்கு டெங்கு வந்து வைத்தியசாலையில் இருந்தவர். அவர் இரவில் முன் அறையில் நுளம்புத்திரி கொளுத்துகிறார். வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கரப்பானுக்கும் எறும்புக்கும் எதை வைக்கலாம், தெருவுக்குப் புகையடிக்க வந்தால் பறவைகளை என்ன செய்வது என்பதை அனுபவமுள்ளவர்கள் கூற வேண்டும்.

உப்புவெளியார் எழுதியது:

தங்கச்சி, குருவி போனதற்கு வருந்துகிறேன். நான் இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பறவை வளர்ப்பவன். தொடக்கத்தில் நானும் இப்படி இழந்திருக்கிறேன். நாய்க்கு ஒன்றும் ஆகவில்லை என்று அவர் சொன்னது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. நாயை வைத்துப் பறவையை அளந்ததுதான் பிழை. நமக்கும் நாய்க்கும் மூச்சு ஒரே பைக்குள் போய் அதே வழியால் திரும்புகிறது. பறவைக்கோ நுரையீரலோடு சேர்ந்து பொதுவாக ஒன்பது காற்றுப்பைகள் உண்டு. காற்று நுரையீரலுக்குள் ஒரே திசையில் ஓடுவதால், மூச்சை இழுக்கும்போதும் விடும்போதும் புதிய காற்றே இரத்தத்தைத் தொடுகிறது. பறப்பதற்கு வேண்டிய ஒட்சிசனை எடுக்க அமைந்த அந்த ஏற்பாடே காற்றில் கலந்த நஞ்சையும் அதே வேகத்தில் எடுத்துக்கொள்கிறது. லவ் பேட்ஸ் ஒன்றின் நிறை 30 முதல் 40 கிராம்தான். பிரித்தானிய நிலக்கரிச் சுரங்கங்களில் நச்சு வாயுவை அறிய 1986 வரை கனேரிக் குருவியைக் கொண்டு போனார்களே, அதற்குக் காரணமும் இதுதான்.

ஆகவே மருந்தின் பெயரைக் கேட்பதற்கு முன்னர், அது காற்றில் ஏறுமா, வைத்த இடத்தில் கிடக்குமா என்று கேளுங்கள். இப்போது வீடுகளில் அடிக்கும் பைரித்திரோயிட் வகைகள் பறவையின் வயிற்றுக்குள் போனால் அத்தனை கொடியவை அல்ல; ஆனால் அதே பொருளைக் கரைப்பானில் கலந்து நுண்துளியாக விசிறும்போது அந்தத் துளியும் கரைப்பானும் நேரே காற்றுப்பைக்குள் போய்விடுகின்றன. மணம் இல்லாதது என்பதில் ஒரு பயனும் இல்லை. போர்வையும் தடுக்காது, மாறாக, உள்ளே புகுந்ததை வெளியேற விடாமல் பிடித்து வைக்கும்.

கரப்பானுக்கு ஊசிக்குழாயில் வரும் ஜெல் இரையை வாங்குங்கள். பாதிப் பயறு அளவில் ஒவ்வொரு துளியாக, குளிர்சாதனப் பெட்டியின் பின்புறம், அலுமாரிப் பிணைச்சல், கை கழுவும் தொட்டியின் அடி ஆகிய இடங்களில் வைத்தால் போதும். நிறைய வைத்தால் விரைவாகச் சாகும் என்பதில்லை. வைத்த இடத்தில் வேறு மருந்தையும் சவர்க்காரத்தையும் பூச வேண்டாம். அந்த மணத்துக்குக் கரப்பான் இரையைத் தொடாது. இரவில் தொட்டியை ஈரமில்லாமல் துடைத்து வையுங்கள், ஏனெனில் கரப்பான் பட்டினி கிடந்தாலும் கிடக்கும், தண்ணீர் இல்லாமல் அவ்வளவு நாள் கிடக்காது.

எறும்புக்கு அரை லீற்றர் இளஞ்சூட்டு நீரில் 50 கிராம் சீனியும் 5 கிராம் போரிக் அமிலமும் கரைத்து, பஞ்சில் நனைத்து, மூடியில் சிறு துளையிட்ட போத்தலுக்குள் வையுங்கள். போரிக் அமிலத்தைக் கூட்டினால் வேலைக்கார எறும்பு வழியிலேயே செத்துவிடும், புற்றுக்குக் கொண்டு போகாது. குறைவாக இருப்பதே இதன் சூட்சுமம். ஓரிரு கிழமை பொறுக்க வேண்டும். கூட்டைக் கால் உள்ள தாங்கியில் வைத்து, ஒவ்வொரு காலையும் சவர்க்கார நீர் ஊற்றிய சிறு கிண்ணத்தில் நிறுத்தினால் எறும்பு ஏறாது. தாங்கிக் காலில் எண்ணெயோ கிறீஸோ பூசாதீர்கள், இறகில் ஒட்டினால் கழுவி எடுப்பது பெரும்பாடு.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். கடைகளில் விற்கும் எறும்புச் சோக்கை வீட்டுக்குள்ளேயே கொண்டுவராதீர்கள். நாம் சுண்ணாம்புச் சத்துக்காகக் கடற்கரையில் பொறுக்கி வந்து கம்பியில் செருகும் கணவாய் ஓடும் வெள்ளை, அந்தச் சோக்கும் வெள்ளை. வெள்ளையாக இருப்பதைக் கொறிப்பதற்கு நாமே பறவையைப் பழக்கி வைத்திருக்கிறோம்.

கிண்ணியாக் காடைக்காரர் எழுதியது:

சகோதரிக்கு மேலே கூறப்பட்டது சரியானது. ஜெல் விடயத்தில் ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். பெட்டியில் எழுதியுள்ள மருந்தின் பெயர் பிப்ரோனில் என்றிருந்தால், வீட்டில் கோழியோ காடையோ வளர்ப்பவர்கள் மிகவும் கவனமாக இருக்க வேண்டும். வாத்துக்கு அது பெரிதாக ஒன்றும் செய்வதில்லை, ஆனால் காடை, கோழி இனங்களுக்குக் கொடிய நஞ்சு. விதை உண்ணும் லவ் பேட்ஸ் கரப்பானைத் தேடிப் போகாது. கோழியோ தள்ளாடும் கரப்பானைக் கண்டால் விடாது.

எலி வந்தாலும் நஞ்சு வைக்காதீர்கள். சிந்திய தினைக்கு எறும்புக்கு அடுத்ததாக வருவது எலி, எலிக்குப் பின்னால் வருவது பாம்பு. இரத்தம் உறைவதைத் தடுக்கும் எலிப் பாசாணத்தைத் தின்ற எலி உடனே சாவதில்லை. தள்ளாடித் திரியும் அந்த எலியைப் பிடிக்கும் ஆந்தையும் அயல் வீட்டுப் பூனையும் சேர்ந்து போகும். பசைத் தட்டும் வேண்டாம், கூட்டிலிருந்து தப்பிய குருவி அதில் ஒட்டினால் இறகோடு தோலும் உரியும். கூட்டுப் பொறி வைத்து, இரவில் தீனிப் பாத்திரங்களை எடுத்துவிட்டு, தினையை மூடி இறுகிய தகர வாளியில் வைத்தால் பெரும்பகுதி தீர்ந்துவிடும். புதிதாக வாங்கும் தீனியை நான்கு நாள் உறைபெட்டியில் வைத்தெடுத்தால் அந்துப்பூச்சியின் முட்டையும் அழிந்துவிடும்.

ஓய்வுபெற்ற களப்பணியாளர் எழுதியது:

நுளம்புக் கட்டுப்பாட்டுக் களப்பணியில் நெடுங்காலம் இருந்தவன் என்பதால் புகையைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். 2017 ஆம் ஆண்டு கிண்ணியாவில் டெங்கு தலைவிரித்தாடியதை இங்குள்ளவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அந்த ஆண்டு நாடு முழுவதும் 186,000 பேர் வரை டெங்கு நோயாளராகப் பதிவானார்கள். ஆகவே புகையடிக்க வேண்டாம் என்று எவரும் சொல்ல முடியாது. ஆனால் பறந்து திரியும் நுளம்பைத்தான் புகை கொல்லும். தண்ணீரில் கிடக்கும் குடம்பியை அது தொடுவதே இல்லை. அடுத்த கிழமை அந்தக் குடம்பிகள் நுளம்பாக எழும்பிவிடும்.

உங்கள் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் பறவை வளர்க்கிறோம் என்பதைச் சொல்லி வையுங்கள். புகையடிக்கும் நாளையும் நேரத்தையும் முன்கூட்டிக் கேட்டு அறியலாம். அந்த நேரத்தில் பறவைகளை வேறு தெருவில் உள்ள உறவினர் வீட்டுக்குக் கொண்டு போவதே நல்லது. முடியாவிட்டால் தெருவிலிருந்து மிகத் தள்ளியுள்ள அறைக்குள் வைத்து, யன்னலை மூடி, கதவின் கீழ் இடுக்கில் ஈரத் துவாயைச் செருகுங்கள். மீன் தொட்டி இருந்தால் மூடுவதோடு காற்றுப் பம்பியையும் நிறுத்துங்கள், இல்லையேல் புகைக் காற்றை அதுவே தண்ணீருக்குள் செலுத்தும். புகை முற்றாகக் கலைந்து, விறாந்தையைச் சவர்க்கார நீரால் கழுவிக் காய விட்ட பின்னரே கூட்டைத் திரும்ப வையுங்கள். வெளியே இருந்த தீனியையும் நீரையும் கொட்டிவிடுங்கள்.

உப்புவெளியார் சொன்ன கிண்ணத்து நீர் எனக்குக் கொஞ்சம் அச்சமாக இருக்கிறது. டெங்கு நுளம்பு முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வர ஏழு முதல் பத்து நாள் போதும். ஆகவே அந்தக் கிண்ணங்களையும், பறவை குளிக்கும் தட்டையும், பூச்சாடித் தட்டையும், குளிர்சாதனப் பெட்டியின் பின்புறம் நீர் சேரும் தட்டையும் கிழமைக்கு ஒரு தடவையாவது தேய்த்துக் கழுவ வேண்டும். வெறுமனே நீரை ஊற்றிவிட்டால் போதாது, ஏனெனில் விளிம்பில் ஒட்டிய முட்டை காய்ந்த நிலையில் மாதக் கணக்கில் உயிரோடு இருக்கும். கூரைப் பீலியையும் ஏறிப் பாருங்கள்.

விறாந்தைக்கு நுண்ணிய வலை அடிப்பது பணத்துக்கு ஏற்ற வேலை. துளை 1.2 மில்லிமீற்றருக்கு மேல் போகக் கூடாது. அது பறவைகளுக்கும் காப்பு, ஏனெனில் பறவை அம்மையைக் காவுவதும் நுளம்புதான். ஆனால் மலேரியாக் காலத்தில் கொடுத்த மருந்திட்ட வலை பழைய பெட்டியில் கிடந்தால் அதைக் கூட்டுக்குப் போர்க்காதீர்கள், பறவை நூலைக் கடித்து இழுக்கும். இலங்கையில் மலேரியா ஒழிந்துவிட்டதாக உலக சுகாதார அமைப்பு 2016 இல் சான்று தந்தாலும், அந்த வலைகள் இன்னும் சில வீடுகளில் கிடக்கின்றன.

வேப்பங்கொழுந்து எழுதியது:

இவ்வளவு இரசாயனம் எதற்கு? எங்கள் அம்மம்மா மாலையில் காய்ந்த வேப்பிலையையும் சாம்பிராணியையும் போட்டுப் புகைப்பார், நுளம்பு ஒன்றும் அண்டாது. இயற்கையானது பறவைக்கு என்ன செய்துவிடும்?

உப்புவெளியார் எழுதியது:

தம்பி, உங்கள் அம்மம்மா கூரை உயர்ந்த, நாற்புறமும் காற்றோடும் வீட்டில் புகைத்திருப்பார். இன்று நாம் கட்டியுள்ள வீடுகளில் புகை போவதற்கு வழியில்லை. வேப்பிலை எரிந்தாலும் நுளம்புத்திரி எரிந்தாலும் மூச்சுக்குள் போவது கரித் துகள்தான். ஒரு நுளம்புத்திரி முழுவதும் எரிந்து முடிய வெளிவரும் நுண்துகள் 75 முதல் 137 சிகரட்டுகளின் அளவுக்கு இருப்பதாக 2003 இல் வெளியான ஆய்வு ஒன்று கணக்கிட்டது. வேப்பிலைக்கு இத்தகைய கணக்கு ஒன்றை நான் பார்த்ததில்லை, ஆனால் கண் எரிகிற புகை எனக்கு நல்லதாகத் தெரியவில்லை. கற்பூரம், யூகலிப்டஸ் தைலம், நப்தலின் உருண்டை ஆகியவையும் ஆவியாகிப் பரவுபவைதான். வெள்ளிக்கிழமைச் சாம்பிராணியை நான் விடவில்லை. முற்றத்தில் காட்டிவிட்டுச் சுவாமி அறைக்குக் கொஞ்சமாகக் கொண்டு போகிறேன், பறவை அறைக் கதவு அப்போது மூடியிருக்கும்.

தினைக்கதிர் தங்கச்சி, மாமிக்கு நல்ல நுளம்பு வலை ஒன்று கட்டிக் கொடுங்கள். திரியை விடச் சொல்வதைவிட வலைக்குள் மின்விசிறி படும்படி கட்டிலை நகர்த்திக் கொடுப்பது எளிது. டெங்கு நுளம்பு பகலில் கடிப்பது என்பதால் மதியம் படுக்கும்போதும் வலையை இறக்கட்டும். இனி எந்தப் பறவையாவது வாலை ஆட்டி மூச்சு வாங்கினால் நீரோ பாலோ புகட்டாமல், நல்ல காற்றுள்ள அமைதியான இடத்தில் இளஞ்சூடாக வைத்து, விடியும்வரை காத்திராமல் கால்நடை வைத்தியரிடம் கொண்டு போங்கள். என்ன மருந்து அடிக்கப்பட்டது என்பதைப் போத்தலைப் பார்த்து எழுதிக்கொண்டு போவது அவருக்கு மிகவும் உதவும்.

தினைக்கதிர் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. எழுதி இருபது நாளாகிவிட்டதால் நடந்ததைத் தெரிவிக்கிறேன். ஜெல் வைத்த பத்தாம் நாளுக்குப் பின்னர் சமையலறையில் கரப்பொத்தானைக் காண்பது அரிதாகிவிட்டது. முதல் மூன்று நாளும் பகலிலேயே வெளியில் வந்து செத்துக் கிடந்ததைப் பார்த்து மாமி என்னை ஏசினார். போரிக் அமிலத்துக்குப் பாமசிக்குப் போகப் புறப்பட்டபோது, கரம் போட் தூள் அதுதானே என்று மகன் தன் பெட்டியை நீட்டினான். அதில் எழுதியிருந்ததை வாசித்தால் மாவுச்சத்து என்றிருந்தது, ஆகவே பாமசியிலேயே வாங்கினேன்.

களப்பணியாளர் ஐயா சொன்ன தட்டுகளை எல்லாம் பார்த்தோம். பூச்சாடியில் ஒன்றும் இல்லை. குளிர்சாதனப் பெட்டியின் பின்புறத் தட்டை இழுத்தபோது அதில் குடம்பி நெளிந்துகொண்டிருந்தது. அந்தத் தட்டை வாங்கிய நாளிலிருந்து நாங்கள் ஒரு தடவைகூட இழுத்துப் பார்த்ததில்லை. இப்போது ஞாயிறு தோறும் மகன் தேய்க்கிறான்.

மாமி வலைக்குள் படுக்கிறார். திரி வாசற்படிக்குப் போய்விட்டது. விறாந்தைக்கு வலை அடித்துவிட்டோம், ஆனால் ஆண் கொக்கட்டீல் வலையின் மரச் சட்டத்தைக் கொறிக்கத் தொடங்கியதால் கூட்டை ஒரு முழம் உள்ளே தள்ளி வைத்திருக்கிறோம். சட்டத்துக்குத் தச்சர் கறையான் எண்ணெய் பூசினாரா என்று நாளைக்குக் கேட்க வேண்டும்.