தனுஷ்கோடி பூநாரைக்கு எதிர்வெயில் சரிப்படுமா?

கொண்டல்: தை மாசம் தனுஷ்கோடி போய் வருகிற எல்லாரும் ஒரே படத்தைத்தான் போடுகிறார்கள். வெயில் முதுகில், பூநாரை (ஃபிளமிங்கோ) முன்னால், நிறம் பளிச். சூரியனைப் பார்த்து நின்றால் சிறகுக்குள் வெளிச்சம் பாயுமே, அதை ஏன் ஒருத்தரும் எடுப்பதில்லை?

ஆலாக்கண்: காரணம் பறவையிலேயே இருக்கிறது. பூநாரையின் பறப்பிறகுகள் கறுப்பு. மெலனின் அடர்ந்த இறகு வெளிச்சத்தை உள்ளே விடாது. சிவப்பு இருப்பது அவற்றின் அடிப்பகுதியைப் போர்த்தும் மூடிறகில். எதிர்வெயிலில் அது நிழலுக்குள் போய்ச் சாம்பலடிக்கும். சிறகு ஒளிர வேண்டுமென்றால் ஆலா என்கிற கடற்பறவையைப் படம் பிடியுங்கள். வெள்ளை, மெல்லிசு, எலும்புக்கோடு வரைக்கும் தெரியும்.

கொண்டல்: சிறகு மட்டும்தான் படமா அண்ணே? பூநாரை காற்றை எதிர்த்துத் தண்ணீர் மேல் ஓடித்தான் எழும்பும். அந்தத் தெறிப்பு முன்வெயிலில் எடுபடாது. எதிர்வெயிலில் துளித்துளியாக மின்னும். மார்கழி, தையில் சூரியன் தென்கிழக்கில் உதிக்கும், வாடை வடகிழக்கிலிருந்து அடிக்கும். காலையில் சூரியனைப் பார்த்து நின்றால் பறவை வலமிருந்து இடமாகக் குறுக்கே ஓடும், முழு உடலும் கிடைக்கும். சாயங்காலம் தென்மேற்கைப் பார்த்தால் நேரே நம் மேலேயே வரும், ஃபோகஸ் திணறும். ஆகவே காலைதான்.

புதுலென்ஸ்: அப்பர்ச்சர் மோடில், கேமரா கணிப்பதைவிட வெளிச்சத்தைக் கூட்ட +1.7 காம்பன்சேஷன் வைத்தால் போதும்தானே?

ஆலாக்கண்: போதாது தம்பி. பறவை வானத்தில் இருக்கும்போது அது சரி. அதுவே தாழ்ந்து மினுங்கும் தண்ணீருக்கு முன்னால் வந்தால் கேமராவின் ஒளி மீட்டர் மிரண்டு இருட்டாக்கும். கரைமேட்டுப் பக்கம் போனால் வெளுக்கடிக்கும். பறவை மேல் விழும் வெளிச்சம் மாறவே இல்லை, பின்னணிதான் மாறியது. மேனுவலில் போடு, ஆட்டோ ஐஎஸ்ஓவையும் அணை. சூரியன் பத்து டிகிரி உயரத்தில் இருந்தால் 1/2000, எஃப்/6.3, ஐஎஸ்ஓ 1600 என்று ஆரம்பி. வானம் கொஞ்சம் வெளுத்தாலும் பரவாயில்லை, வெள்ளை இறகின் ஓரம் விவரமே தெரியாமல் வெளுத்துப்போகக் கூடாது. வெறும் நிழலுருவம் போதுமென்றால் ஐஎஸ்ஓ 200, 400 போதும்.

கருவேலங்காடு: இரண்டு பேரும் இடத்தையே தப்பாகப் பிடித்திருக்கிறீர்கள். ஓர ஒளி தெரியப் பின்னணி இருட்டாக இருக்க வேண்டும். தனுஷ்கோடியில் பின்னால் வானமும் கடலும் தவிர என்ன இருக்கு? ராமநாதபுரம் மாவட்டத்துச் சக்கரக்கோட்டை, தேர்த்தங்கல் கண்மாய்க்குப் போங்கள். கருவேலமர நிழலுக்கு முன்னால் கூழைக்கடா பறந்தால் உடம்பைச் சுற்றி வெள்ளிக்கோடு போட்ட மாதிரி இருக்கும். அங்கே காம்பன்சேஷன் பிளஸ் இல்லை, மைனஸ் ஒன்று.

கொண்டல்: கூழைக்கடாவுக்கு ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கண்மாயில் அந்தத் தெறிப்பு ஓட்டம் கிடைக்காது.

புதுலென்ஸ்: கூட்டம் தானாக எழும்பவில்லையென்றால் கொஞ்சம் கிட்டே நடந்து போகலாமா?

ஆலாக்கண்: கூடவே கூடாது. வெகுதூரத்திலிருந்து வந்து இரை தேடுகிற பறவை அது. 2025 ஜூனிலிருந்து அந்தப் பகுதி பூநாரைச் சரணாலயமும்கூட. கழுத்தை நிமிர்த்தி, எல்லாம் ஒரே திசையில் நடக்க ஆரம்பித்தால் நீ ஏற்கனவே கிட்டே வந்துவிட்டாய் என்று அர்த்தம், பின்வாங்கு. இடம் மாற அவையாகவே எழும்பும், காத்திரு.

கருவேலங்காடு: லென்ஸைப் பற்றி யாருமே பேசவில்லை. ஆண்கடல் (மன்னார் வளைகுடா) பக்கம் உப்புத்தூவல் அதிகம். கண்ணாடியில் ஒட்டிய உப்பு முன்வெயிலில் தெரியாது, எதிர்வெயிலில் படம் முழுக்கப் பால் ஊற்றிய மாதிரி வெளிறும். யூவி ஃபில்டரைக் கழற்று, ஹூட் போடு, முதலில் ஊதி, பிறகு ஈரத்துணியால் ஒற்றி எடு. காய்ந்த உப்பைத் தேய்த்தால் கோடு விழும். டிஎஸ்எல்ஆர் வைத்திருப்பவர்கள் சூரியனை ஃபிரேமுக்குள் கொண்டுவரவே வேண்டாம், கண் போய்விடும்.

கொண்டல்: நேரமும் குறைவு. நம் பக்கம் சூரியன் மணிக்குப் பதின்மூன்று டிகிரிக்கு மேல் ஏறிவிடும். எட்டு மணிக்கு மேல் மணல் சூடேறிக் கானல் அலையும், ஃபோகஸ் சரியாக இருந்தாலும் படம் கொழகொழ.

ஆலாக்கண்: அந்த ஒரு மணி நேரத்தை நான் ஆலாவுக்குத்தான் கொடுப்பேன்.