குப்பென்று பற்றுவதற்கு ஒரு சொல்

மறுமொழி: இழுவை வீட்டுக் கணப்பு, கோளாறு அட்டவணை

அன்புள்ள குழுவினருக்கு,

வெளியே கத்திரி வெயில். சத்துவாச்சாரியில் மின்விசிறியே அனலை வாரி இறைக்கிறது. நான் உட்கார்ந்து கணப்பைப் பற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன், வீட்டில் சிரிக்கிறார்கள்.

கார் பின்னால் இழுத்துப்போகும் வீட்டுக்கு (டிராவல் டிரெய்லர்) ‘இழுவை வீடு’, அதைச் சூடாக்கும் வாயு ஃபர்னஸுக்குக் ‘கணப்பு’ என்று போன வாரமே முடிந்துவிட்டது, மறுபடி கிளற வேண்டாம். உலை என்றால் அரிசி போடத் தோன்றும். சங்கப் பாட்டில் வரும் ‘தடவு’ அழகான சொல்தான், ஆனால் அதை விளக்கவே தனி மடல் எழுத வேண்டும். கேரவன் என்றால் நம்மூரில் நடிகர்கள் ஒப்பனை செய்துகொள்ளும் வண்டி. இதற்கோ சொந்த இன்ஜினே கிடையாது, கார்தான் இழுக்கிறது.

நாம் தமிழாக்கும் கோளாறு அட்டவணையில் இப்போது மிச்சம் இருப்பது ‘டிலேய்ட் இக்னிஷன்’. அதற்கு ஒருவர் எழுதியது இது:

> தாமத எரிபற்றல் என்றே வைத்துவிடலாம். மூலச்சொல்லுக்கு நேர். இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

இருக்கிறது ஐயா. இந்தச் சொல்லைத் தேடும்படி ஆனதே என் அக்கா மகனால்தான். கொலராடோவில் பழைய இழுவை வீடு ஒன்று வாங்கியிருக்கிறான். அங்கே மலைமேல் மே மாதத்திலும் பனி விழும். ஒருநாள் விடியற்காலையில் வாட்ஸப்பில் ஒலிப்பதிவு அனுப்பி, “மாமா, யாரோ கீழேயிருந்து தரையை உதைக்கிற மாதிரி இருக்கு, கேளுங்க” என்றான். இராணிப்பேட்டை பெல் (BHEL) ஆலையில் விசிறிப் பிரிவில் காலம் தள்ளியவன் நான். காற்று, நெருப்பு என்றால் குடும்பத்தில் எல்லோருக்கும் என் ஞாபகம்தான் வரும்.

காதில் வைத்துக் கேட்டேன். முதலில் விசிறி கிளம்பும் ‘உய்ங்’. பதினைந்து நொடி வெறும் காற்று. அப்புறம் பொறி தட்டும் டிக் டிக் டிக். நல்ல கணப்பாக இருந்தால் ஒன்றிரண்டு டிக்கிலேயே தீ பிடித்திருக்க வேண்டும். இது ஆறு நொடி தட்டிக்கொண்டே இருந்தது. பிறகுதான் அந்த ‘குப்’. கூடவே தகரம் அதிரும் சத்தம், அவன் மனைவியின் “ஐயோ”. சிலிண்டரை மூடு, ஆள் வந்து பார்க்கும்வரை அதைத் தொடாதே என்றேன்.

அந்த ஆறு நொடியில் நடந்ததுதான் விஷயம். வால்வு திறந்துவிட்டது, வாயு வந்துகொண்டே இருக்கிறது, பொறி எட்டவில்லை. வந்த வாயு எரியறையில் சேர்கிறது. கடைசியில் சேர்ந்த அத்தனையும் ஒரே மூச்சில் பிடிக்கிறது. நம் வீட்டு அடுப்பில் நடப்பதும் இதேதான். திருகைத் திறந்துவிட்டு லைட்டரை டக் டக்கென்று அழுத்திக்கொண்டே இருந்தால் அம்மா உள்ளேயிருந்து கத்துவார்: “மூடு, மூடு, கேஸ் சேர்ந்துடும்!” ‘தாமதமாகிவிடும்’ என்று எந்த அம்மாவும் கத்தியதில்லை. சிலிண்டர் காலியானாலும்தான் அடுப்பு பற்றத் தாமதமாகிறது, அதில் ஆபத்து ஒன்றும் இல்லையே. ஆபத்து சேர்வதில் இருக்கிறது. அது சொல்லில் வர வேண்டும்.

பெல்லில் இருந்தபோது கொதிகலன்காரர்கள் இதற்கு எவ்வளவு பயப்படுவார்கள் என்று பார்த்திருக்கிறேன். பெரிய கொதிகலனில் தீ மூட்டுவதற்கு முன் குறைந்தது ஐந்து நிமிடம் காற்றை ஓட்டி உள்ளே கிடப்பதை வெளியேற்ற வேண்டும் என்பது விதி. இழுவை வீட்டுக் கணப்பின் பதினைந்து நொடி வெறும் காற்றும் அதே விதியின் குட்டிதான்.

> அப்படியானால் ‘குப்பற்றல்’ எப்படி? ஒலியும் வருகிறது, பற்றலும் வருகிறது.

குடியாத்தத்து நண்பரின் இந்தச் சொல்லை நான் முதலில் வாசித்தது குப்பை அற்றல் என்று. நகராட்சி அறிவிப்பு மாதிரி இருந்தது. மன்னிக்கவும்.

என் பரிந்துரை ‘தேங்கிப்பற்றல்’. ‘தேங்குபற்றல்’ என்று சுருக்கினால் வினைத்தொகையாகி, பற்றலே தேங்கி நிற்கிற பொருள் வந்துவிடும். ‘தேங்கி’ என்று எச்சமாக வைத்தால் தேங்குவதும் வாயு, பற்றுவதும் வாயு, எழுவாய் மாறவில்லை. தண்ணீருக்குச் சொல்லும் வினை வாயுவுக்குப் பொருந்துமா என்று ஒருவர் கேட்டிருந்தார். புரொப்பேன் காற்றைப் போல ஒன்றரை மடங்கு கனம், தண்ணீர் போலவே பள்ளம் தேடித்தான் போகும்.

அடுத்து, அட்டவணையின் இடப்பக்கம். சத்தங்களுக்கெல்லாம் ‘உராய்வொலி’, ‘அதிர்வொலி’ என்று போட்டிருக்கிறீர்கள். வாசித்தால் எதுவும் காதில் விழவில்லை. சத்தத்துக்குக் கலைச்சொல் எதற்கு? தமிழில் அது கொட்டிக் கிடக்கிறது. கீச்சென்றால் விசிறி மோட்டாரின் பேரிங். கடகடவென்றால் விசிறிச் சக்கரத்தில் ஏதோ மாட்டியிருக்கிறது. பெரும்பாலும் புகைக்குழாய் வழியாக நுழைந்த குளவியின் மண்கூடு உடைந்த துண்டு. (நம் வீடுகளில் குளவி கூடு கட்டினால் பிள்ளை பிறக்கும் என்பார்கள். அங்கே மெக்கானிக்குக் கூலி பிறக்கிறது.) டிக் டிக் ஓயாமல் வந்து தீயே பிடிக்காவிட்டால் வாயு வரவில்லை, அல்லது பொறி சரியில்லை. இடப்பக்கம் காதுக்கு, வலப்பக்கம் காரணத்துக்கு. சொல் ஆக்குவதை வலப்பக்கத்தோடு வைத்துக்கொள்வோம்.

‘பாய் ஆளி’ (செயில் சுவிட்ச்) பற்றி ஆம்பூர் நண்பர் எழுதியது சரி. விசிறி போதிய வேகம் பிடித்ததும் காற்று ஒரு சின்னத் தகட்டைத் தள்ளும், தள்ளினால்தான் வாயு வால்வுக்கு மின்சாரம் போகும். கப்பற்பாய் போல என்பதால் அந்தப் பெயர். ஆனால் ஆம்பூர்க் கடையில் நின்று “பாய், ஒரு பாய் ஆளி கொடுங்க” என்று கேட்டுப் பாருங்கள். ‘மடல் சுவிட்ச்’ போதும். தாழை மடல் போல மெல்லியதாகத்தான் இருக்கிறது அந்தத் தகடு. ‘ஆளி’யே வேண்டும் என்கிற யாழ்ப்பாணத்து நண்பர் பொறுத்துக்கொள்ள வேண்டும், இங்கே ஆளி என்றால் கோயில் தூணில் நிற்கும்.

கொலராடோவில் ஆள் வந்து பார்த்தாயிற்று. பர்னரின் வாயுத் துளையில் சிலந்தி வலை. பொறிமுனையின் இடைவெளியும் விரிந்து போயிருந்ததாம். அதற்கு அந்தக் கணப்பில் எட்டில் ஒரு அங்குலம்தான் கணக்கு. சரிசெய்த பிறகு நேற்று இன்னொரு பதிவு அனுப்பினான். உய்ங், காற்று, ஒரே ஒரு டிக், அப்புறம் பஃப். “இந்த பஃப்புக்கு என்ன பேர் மாமா?” என்று கேட்டிருக்கிறான். பற்றல், அவ்வளவுதான் என்று பதில் போட்டேன்.

‘தேங்கிப்பற்றல்’, ‘மடல் சுவிட்ச்’ இரண்டையும் திங்கட்கிழமை பட்டியலில் ஏற்றுகிறேன். மறுப்பு இருந்தால் அதற்குள் எழுதுங்கள். ‘ப்’ மிகுமா என்று மட்டும் யாரும் ஆரம்பிக்காதீர்கள், மிகும்.