காலை உணவுச் சீரியல் மட்டுமே விற்கும் கடைக்குக் குடும்பத்தோடு போகிறோம்: எதை, எப்படிக் கேட்டு வாங்குவது?

எடிசன்_வாசி கேட்டது:

வணக்கம். வரும் சனிக்கிழமை நியூயார்க்கில் ஒரு சீரியல் பாருக்குப் போகிறோம். கார்ன்ஃப்ளேக்ஸ், ஃப்ரூட் லூப்ஸ் மாதிரி பெட்டியில் வருவதையெல்லாம் கிண்ணத்தில் கலந்து, மேலே டாப்பிங் தூவி, பாலோ ஐஸ்க்ரீமோ சேர்த்துத் தருகிற கடை. மொத்தம் ஐந்து பேர். பெரியவளுக்கு 10 வயது, சீலியாக் இருக்கிறது, கோதுமை துளியும் ஆகாது. சின்னவனுக்கு 6 வயது, எதில் கலர் அதிகமோ அதுதான் வேண்டும். என் மாமியார் ஊரிலிருந்து வந்திருக்கிறார். சுத்த சைவம், முட்டையும் கிடையாது, குளிர்ந்த பாலைத் தொடவே மாட்டார். எனக்கும் கணவருக்கும் எது என்றாலும் சரி.

கிண்ணம் மேசைக்கு வருவதற்குள் ஊறிப் போகாமல் இருக்க என்ன சொல்லி வாங்க வேண்டும்? இவர்கள் மூவருக்கும் எது ஒத்து வரும்? வீட்டில் பெட்டி வாங்கிச் சாப்பிடுவதைவிட அங்கே போய்ச் சாப்பிட என்ன இருக்கிறது?

மொறுமொறு எழுதியது:

முதல் வேலை, பாலைத் தனிக் கோப்பையில் கேளுங்கள். இதைச் சொல்ல மறந்தால் மற்ற யோசனைகள் எதுவும் உதவாது. கவுன்டரில் பால் ஊற்றி, பணம் கொடுத்து, இடம் தேடி, குழந்தைகளை உட்கார வைத்து, படம் எடுத்து முடிக்க ஐந்து நிமிடம் ஆகும். ரைஸ் கிரிஸ்பீஸ் (அரிசிப் பொரி மாதிரி சீரியல்) அதில் பாதி நேரம்கூடத் தாங்காது.

இரண்டு விதமாகக் கெடும். நமத்துப் போவது ஒன்று, ஊறிப் போவது இன்னொன்று. நமத்துப் போவது பால் படுவதற்கு முன்பே, திறந்த பெட்டியில் காற்றின் ஈரம் ஏறி நடப்பது. நம் வீட்டுப் பொரி, அப்பளம் மாதிரிதான். நூறு வகை அடுக்கியிருக்கும் கடையில் நாலைந்து வகைதான் வேகமாக விற்கும், மற்றவை திறந்தபடி நாள்கணக்கில் இருக்கலாம். அதனால் தேர்ந்தெடுத்த வகையில் ஒன்றிரண்டை வெறுமனே கொடுக்கச் சொல்லிக் கடித்துப் பாருங்கள். நல்லதென்றால் ‘டக்’கென்று உடைந்து நாலு துண்டாகும். நமத்தது சற்று வளைந்து, பிறகு உடைந்து, கடைவாய்ப் பல்லில் ஒட்டும். அப்படி இருந்தால் புதுப் பெட்டி திறக்கச் சொல்லுங்கள். கேட்பதில் தப்பே இல்லை. பெட்டியின் அடிப்பொடி வேண்டாம் என்றும் சொல்லுங்கள். அந்தத் தூள் முதல் நிமிடத்திலேயே பாலைக் கஞ்சியாக்கிவிடும்.

ஊறுவதைப் பொறுத்தவரை, மெல்லிய சுவரும் உள்ளே காற்றும் உள்ளவை முதலில் போகும்: ரைஸ் கிரிஸ்பீஸ், ஃப்ரூட்டி பெப்பிள்ஸ். ரைஸ் கிரிஸ்பீஸ் பாலில் படபடவென்று சத்தம் போடுவதே அந்தச் சுவர்கள் உடைவதால்தான். அடுத்தது வெறும் கார்ன்ஃப்ளேக்ஸ். சர்க்கரைப் பூச்சு உள்ளவை கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும், பூச்சு கரையும்வரை தண்ணீர் உள்ளே புகாது. கிரனோலா, கிரேப்-நட்ஸ் இரண்டும் பத்து நிமிடம்கூட நிற்கும். (கிரேப்-நட்ஸில் திராட்சையும் இல்லை, கொட்டைப்பருப்பும் இல்லை. கோதுமையும் பார்லியும்தான்.) கேப்டன் க்ரஞ்ச் நன்றாகத் தாங்கும், ஆனால் சொரசொரப்பு மேலண்ணத்தைக் கீறிவிடும். ஆறு வயதுப் பிள்ளைக்கு நான் அதைச் சொல்லமாட்டேன்.

பால் நன்றாகக் குளிர்ந்திருக்க வேண்டும், கொழுப்பு எடுக்காத முழுப் பாலாக இருந்தால் நல்லது. கொழுப்பு இருந்தால் ஊறுவது சற்றுத் தாமதமாகும். ஒரு கப் சீரியலுக்கு அரைக் கப் பால் போதும். ஊற்றும்போது நட்டநடுவில் மேலிருந்து ஊற்றாமல் கிண்ணத்தின் ஓரமாக ஊற்றுங்கள், மேல் அடுக்கு காய்ந்தே இருக்கும். அதைவிட நல்ல வழி, பாலைக் கிண்ணத்தில் முதலில் விட்டு, சீரியலை இரண்டு மூன்று தவணையாகப் போட்டுச் சாப்பிடுவது.

லேபிள்_படிப்பவர் எழுதியது:

உங்கள் மகள் விஷயத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும், ஏனென்றால் பலரும் ஏமாறும் இடம் இது. கார்ன்ஃப்ளேக்ஸ் சோளம்தானே, ரைஸ் கிரிஸ்பீஸ் அரிசிதானே என்று கொடுத்துவிடாதீர்கள். கெல்லாக்ஸ் இரண்டிலும் மால்ட் சேர்க்கிறது. மால்ட் என்றால் முளைகட்டிய பார்லி. கோதுமையில் இருப்பது போலவே பார்லியிலும் க்ளூட்டன் உண்டு, சீலியாக் உள்ளவர்களுக்கு ஆகாத புரதம் அதுதான். அமெரிக்க லேபிள் சட்டத்தில் முக்கிய ஒவ்வாமைப் பொருள்கள் ஒன்பது. கோதுமை அதில் இருக்கிறது, பார்லி இல்லை. ஆகவே பெட்டியின் அடியில் தடித்த எழுத்தில் வரும் ஒவ்வாமை வரியில் பார்லி வராது. மேலே உள்ள பொருள் பட்டியலில் ‘மால்ட் ஃப்ளேவர்’ என்று தேடிப் பார்க்க வேண்டும். அல்லது ‘க்ளூட்டன் ஃப்ரீ’ என்று அச்சிட்டதை மட்டும் எடுங்கள். அந்தச் சொல்லைப் போட க்ளூட்டன் பத்து லட்சத்தில் 20 பங்குக்கும் குறைவாக இருக்க வேண்டும் என்பது அங்கே விதி.

அமெரிக்காவில் அப்படி அச்சிட்டு வருபவை: ரைஸ் செக்ஸ் (Rice Chex), கார்ன் செக்ஸ் (Corn Chex), ஃப்ரூட்டி பெப்பிள்ஸ், கோகோ பெப்பிள்ஸ், சாதாரண மஞ்சள் பெட்டி சீரியோஸ். சீரியோஸ் ஓட்ஸால் ஆனது. சீலியாக் உள்ளவர்களில் சிலருக்கு ஓட்ஸே ஒத்துக்கொள்ளாது, உங்கள் மருத்துவர் ஓட்ஸுக்குச் சரி சொல்லியிருந்தால் மட்டும் கொடுங்கள். 10 வயதுக்கு ஃப்ரூட்டி பெப்பிள்ஸ் பிடிக்கும் என்றே நினைக்கிறேன்.

ஆனால் பெட்டி சரியாக இருந்தாலும் கடை சரியாக இருக்க வேண்டும். ஒரே கரண்டி எல்லாப் பெட்டிக்குள்ளும் போய்வரும். கண்ணாடிக் குழாயிலிருந்து திருகி இறக்கும் கடையானால் அந்தக் குழாயில் போன வாரம் என்ன இருந்ததோ தெரியாது. மூடிய புதுப் பெட்டியை உங்கள் கண்முன் திறந்து, கழுவிய கிண்ணத்தில் நேரே கொட்டச் சொல்லுங்கள். ஒற்றை ஆள் அளவுக்குச் சின்னப் பெட்டி வைத்திருந்தால் அதுவே மிகப் பாதுகாப்பு. மில்க் ஷேக், சீரியல் சேர்த்து அரைக்கிற ஐஸ்க்ரீம் இரண்டும் அவளுக்கு வேண்டாம். அரைக்கும் இயந்திரத்தின் கத்தியை ஒவ்வொரு முறையும் கழற்றிக் கழுவமாட்டார்கள். கூட்ட நேரத்தில் இதையெல்லாம் செய்ய ஆள் இருக்காது, கடை திறந்தவுடன் போய்விடுங்கள்.

மாமியாருக்கு: மார்ஷ்மெல்லோ எங்கே வந்தாலும் ஜெலட்டின் (விலங்குகளின் தோல், எலும்பிலிருந்து எடுப்பது) என்றே எடுத்துக்கொள்ளுங்கள். லக்கி சார்ம்ஸில் இருக்கும் வண்ண வண்ணத் துண்டுகளில் இருப்பது பன்றி ஜெலட்டின். ஃப்ராஸ்டட் மினி-வீட்ஸ் பார்க்கச் சைவம் போலவே இருக்கும், அதன் சர்க்கரைப் பூச்சிலும் ஜெலட்டின் உண்டு. மேலே உடைத்துத் தூவும் பாப்-டார்ட்ஸிலும் (உள்ளே ஜாம் வைத்த தட்டையான பண்டம், பூச்சு உள்ளவை), ரைஸ் கிரிஸ்பீஸ் ட்ரீட்ஸ் துண்டிலும் அப்படியே. ப்ரௌனி, குக்கீ துண்டுகளில் பெரும்பாலும் முட்டை. ஓரியோவில் ஜெலட்டினும் இல்லை, முட்டையும் இல்லை. சீரியலில் சேர்க்கும் வைட்டமின் டி3 பெரும்பாலும் ஆட்டு ரோமக் கொழுப்பிலிருந்து எடுப்பது. பெரும்பாலான சைவர்கள் அதைப் பொருட்படுத்துவதில்லை, ஆனாலும் கேட்டால் சொல்லத் தெரிந்திருக்கட்டும்.

அடுப்படி எழுதியது:

குளிர்ந்த பால் விஷயத்துக்கு வர்றேன். நம்ம ஊர்ல சீரியலுக்குக் காய்ச்சின பால் ஊத்துறதுதான் பழக்கம். 1994ல கெல்லாக்ஸ் இந்தியாவுக்கு வந்தப்போ இடிச்ச விஷயங்கள்ல அது ஒண்ணு. சூடு பால் பட்டதும் ஃப்ளேக்ஸ் ஒரு நிமிஷத்துல சொதசொதன்னு ஆகிடும். அதனால மாமியாருக்கு ஃப்ளேக்ஸ், பொரி வகை எதுவும் வேண்டாம். சூடு தாங்கறது ரெண்டு மூணுதான்: கிரேப்-நட்ஸ், சர்க்கரைப் பூச்சு இல்லாத ஷ்ரெடட் வீட், ஓட்ஸ். கிரேப்-நட்ஸ் சூடு பால்ல நாலஞ்சு நிமிஷம் ஊறினா கோதுமை ரவை மாதிரி பதமா வரும், அவங்களுக்குப் பழகின ருசிதான். மேல வாழைப்பழம், பாதாம் போதும்.

கடையில காபி மெஷின் இருந்தா ‘ஸ்டீம்ட் மில்க்’னு கேளுங்க, தனியா ஒரு கப்ல தருவாங்க. சாஃப்ட் சர்வ் (மெஷின்லேர்ந்து இறக்கித் தர்ற ஐஸ்க்ரீம்) மட்டும் விக்கிற கடைன்னா ஆவி பிடிக்கிற குழாயே இருக்காது. முன்னாடியே ஒரு போன் போட்டுக் கேட்டுடுங்க. இல்லேன்னா பக்கத்துக் காபிக் கடையில ஒரு கப் சூடு பால் வாங்கிக்கிட்டுப் போயிடலாம்.

அங்க போய் என்ன சாப்பிடணும்னு கேட்டீங்களே, வீட்டுப் பெட்டியில கிடைக்காதது சீரியல் மில்க். சீரியல் ஊறின பாலை மட்டும் வடிச்சு எடுக்கிறது. நியூயார்க் மில்க் பார் கடையில க்றிஸ்டினா டோஸி பிரபலமாக்கினது, அந்தக் கடை 2008ல ஆரம்பிச்சது. செய்முறை சுலபம். 100 கிராம் கார்ன்ஃப்ளேக்ஸை 150 டிகிரி செல்சியஸ்ல 15 நிமிஷம் லேசா வறுத்து ஆறவிடணும். முக்கால் லிட்டருக்குக் கொஞ்சம் கூடுதலா குளிர்ந்த பால் ஊத்தி 20 நிமிஷம். வடிகட்டி, ரெண்டு டேபிள்ஸ்பூன் நாட்டுச் சர்க்கரை, கால் டீஸ்பூன் உப்பு. அந்த உப்புதான் உயிர்.

தப்பு நடக்கிறது ரெண்டு இடத்துல. வறுக்காம போட்டா பால்ல பச்சை மாவு வாசனைதான் வரும். நேரம் போனாலோ, கடைசிச் சொட்டுக்காக அழுத்திப் பிழிஞ்சாலோ மாவுச்சத்து இறங்கிப் பால் கொழகொழன்னு ஆகிடும். கடையில முதல்ல ஒரு வாய் குடிச்சுப் பாருங்க: நாக்குல வழவழன்னு படிஞ்சா அது பிழிஞ்ச பால். நல்லது தண்ணியா இருக்கும், வறுத்த சோள வாசனை மூக்குல ஏறும். ஆனா இது கார்ன்ஃப்ளேக்ஸ்லேர்ந்து வர்றதால உங்க பொண்ணுக்கு ஆகாது, லேபிள்_படிப்பவர் சொன்ன அதே மால்ட்.

எடிசன்_வாசி எழுதியது:

ரொம்ப நன்றி. சீரியல் மில்க்கிலும் மால்ட் வரும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. இன்னும் இரண்டு கேள்வி. டைம்ஸ் சதுக்கத்தில் கெல்லாக்ஸ் நடத்தும் கடை என்று ஒரு பழைய பதிவில் பார்த்தேன், அதற்கே போகலாமா? அடுத்த மாதம் லண்டன் போகிறோம், அங்கேயும் இதே பட்டியல் செல்லுமா?

கிழக்கு_லண்டன் எழுதியது:

கெல்லாக்ஸ் கடை 2016 ஜூலை 4 அன்று டைம்ஸ் சதுக்கத்தில் திறந்தது, 2017 டிசம்பரில் யூனியன் சதுக்கத்துக்கு மாறியது, இப்போது இல்லை. பழைய பதிவை நம்பிக் கிளம்பாதீர்கள். அந்தக் கடையின் பட்டியலில் கற்றுக்கொள்ள ஒன்று உண்டு. ஸ்பெஷல் கே-யோடு பிஸ்தா, எலுமிச்சை, தைம் இலை. கார்ன் பாப்ஸோடு நீலபெர்ரி ஜாம், எலுமிச்சைத் தோல் துருவல், ஒரு சிட்டிகை உப்பு. இனிப்புக்கு மேல் இனிப்பைக் கொட்டாமல் மணமும் உப்பும் சேர்த்தார்கள். நீங்களும் அப்படிக் கேட்கலாம். எலுமிச்சைத் தோலைத் துருவிப் போட்டால் பாலுக்கு ஒன்றும் ஆகாது, சாறு பட்டால் திரியும். பேஷன் ஃப்ரூட் மாதிரி புளிப்புப் பழமும் அப்படித்தான், சோயா பாலில் இன்னும் சீக்கிரம் திரியும்.

லண்டனில் பெயர் பெற்றது ப்ரிக் லேனில் இருந்த சீரியல் கில்லர் கஃபே. பெல்ஃபாஸ்டைச் சேர்ந்த கீரி இரட்டையர் 2014 டிசம்பரில் தொடங்கினார்கள், சுமார் 120 வகை சீரியல், 30 வகைப் பால். ஏழைகள் அதிகம் வாழும் பகுதியில் ஒரு கிண்ணத்துக்கு மூன்று பவுண்டா என்று தொலைக்காட்சியில் கேட்டார்கள், 2015 செப்டம்பரில் வாடகை ஏற்றத்துக்கு எதிரான ஊர்வலம் கடையைத் தாக்கியது. 2020 கொரோனாவில் மூடிவிட்டார்கள். என் கருத்து, வாடகைக் கோபம் நியாயமானது, இரண்டு பேர் நடத்திய சின்னக் கடை அதற்குச் சரியான இலக்கு அல்ல.

பட்டியல் விஷயத்தில் கவனம்: அங்கே சரியானது இங்கே சரியாக இருக்காது. பிரிட்டனில் விற்கும் சீரியோஸ் நெஸ்லே தயாரிப்பு, அதில் கோதுமை இருக்கிறது. அதே பெயர், வேறு பொருள். உங்கள் மகளுக்கு இதைத் தெளிவாகச் சொல்லி வையுங்கள், பெட்டியைப் பார்த்துத் தானாகவே எடுத்துவிடுவாள். நல்ல செய்தி, இங்கே பார்லியும் 14 ஒவ்வாமைப் பொருள்களில் க்ளூட்டன் தானியமாக வரும், பெட்டியில் தனித்துத் தெரியும்படி அச்சிட்டிருக்கும். 2014 டிசம்பரிலிருந்து உணவகமும் கேட்டால் சொல்லியே ஆக வேண்டும். இறக்குமதி அமெரிக்கப் பெட்டிகளை அடுக்கும் கடைகளில் காலாவதித் தேதியையும் பாருங்கள், அமெரிக்காவில் மாதம் முதலில் எழுதுவார்கள்.

மொறுமொறு எழுதியது:

சின்னவனைப் பற்றி யாரும் சொல்லவில்லை. ஃப்ரூட் லூப்ஸ் கொடுக்கலாம், எல்லா வண்ணமும் ஒரே சுவைதான், சண்டை வராது. ஆனால் 39 கிராமுக்கு 12 கிராம் சேர்த்த சர்க்கரை. குழந்தைகளுக்கு ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள் இருக்கட்டும் என்பது அமெரிக்க இதய சங்கத்தின் அறிவுரை. கடைக் கிண்ணம் பெரியது, மேலே ஐஸ்க்ரீமும் வைத்தால் ஒரே வேளையில் தாண்டிவிடும். வெறும் கார்ன்ஃப்ளேக்ஸ் இரண்டு பங்கு, ஃப்ரூட் லூப்ஸ் ஒரு பங்கு என்று கலக்கச் சொல்லுங்கள். கண்ணுக்கு வண்ணம் குறையாது. கலக்கும்போது உருவ அளவு ஓரளவு ஒத்துப்போக வேண்டும். பெரிய வளையத்தோடு ரைஸ் கிரிஸ்பீஸ் சேர்த்தால் பொடிசு எல்லாம் அடிக்குப் போய் ஊறிக் கிடக்கும்.

எடிசன்_வாசி எழுதியது:

கடைசியாக ஒன்று. மிச்சம் வைத்தால் பார்சல் எடுக்கலாமா? வீட்டுக்கு ரயிலில் ஒன்றரை மணி நேரம்.

அடுப்படி எழுதியது:

பால் ஊத்தினதை எடுக்காதீங்க, போய்ச் சேர்றப்போ கூழாத்தான் இருக்கும். ஊத்தாத சீரியலை மூடி இறுக்கமான டப்பாவுல, பாலைத் தனிப் பாட்டில்ல. பால் வெளியில ரெண்டு மணி நேரத்துக்கு மேல இருக்கக்கூடாது, உங்க கணக்குல சரியா வரும், ஆனா வீட்டுக்குப் போனதும் நேரா ஃப்ரிட்ஜ்ல வைங்க. பொண்ணோட டப்பாவை வேற பையில போடுங்க, மூடி மேல பேர் எழுதிடுங்க.