வீட்டுக்காரருக்கு 51 வயசு, வாசக்டமி பண்ணி 16 வருசம்: ரிவர்சலா, ஐவிஎஃப்பா?

குலசேகரம்காரி:
எல்லாருக்கும் வணக்கம். இத யார்ட்ட கேக்கன்னு தெரியாம இங்க எழுதுகேன். எனக்கு 35, அவியளுக்கு 51. கெட்டு கழிஞ்சு ஒரு வருசம் ஆவுது. அவியளுக்கு இது ரெண்டாங்கெட்டு, மூத்தவிய கேன்சர்ல போயிட்டாவ. பெரியவன் பெங்களூர்ல வேலை, சின்னவ நாகர்கோவில்ல காலேஜ் படிக்கா. சின்னவளுக்கு மூணு வயசுல அவிய வாசக்டமி, அதான் ஆம்பளைக்குள்ள குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன், பண்ணினது, இப்பம் 16 வருசம் ஆச்சு. பிள்ளைய ரெண்டும் என்ன சித்தின்னு வாய் நிறைய கூப்பிடும், அதுல ஒரு குறையும் இல்ல. ஆனா எனக்கும் ஒண்ண வயித்துல சுமக்கணும்னு இருக்கு, இத அவியட்ட சொல்லவே ஆறு மாசம் ஆச்சு. சொன்னப்பம் "நான் பண்ணினது, நானே சரி பண்ணுகேன், உனக்கு எதுக்கு தினமும் ஊசி"ன்னு சொல்லுகாவ. திருவனந்தபுரத்துல பாத்த டாக்டர் வெட்டின விந்துக்குழாய திரும்ப சேத்துரலாம், ரிவர்சல் பண்ணலாம்னு சொல்லுகாரு, நாகர்கோவில் டாக்டரம்மா நேரே ஐவிஎஃப், அதான் முட்டையையும் விந்தணுவையும் வெளிய வச்சு சேத்து கரு உண்டாக்குறது, அதுக்கு போங்கன்னு சொல்லுகாவ. ரெண்டும் பண்ண கையில ரூவா இல்ல, ரப்பர் விலை உங்களுக்கு தெரியும், மழைன்னா பால் வெட்டும் இல்ல. எத எடுக்க? மாமிக்கு இன்னும் ஒண்ணும் தெரியாது.

குழித்துறை நர்ஸ்:
தங்கச்சி, ரிவர்சலா ஐவிஎஃப்பாங்கிறது ரெண்டாவது கேள்வி. முதல்ல உனக்க டெஸ்ட எடு. முட்டை எவ்வளவு மிச்சம் இருக்குன்னு காட்டுற ஏஎம்ஹெச் ரத்த டெஸ்ட், பீரியட்ஸ் வந்த ரெண்டாம் மூணாம் நாள் முட்டைப்பை ஸ்கேன், பிறகு உனக்க கருக்குழாய் டியூப்ல அடைப்பு இருக்கான்னு பாக்கணும். டியூப் அடைச்சிருந்தா அவரு கத்தி வச்சு என்ன பிரயோசனம்? அவருக்க 51ஐ விட உனக்க 35 தான் இதுல பெரிய கணக்கு. 35க்கு மேல முட்டை வருசத்துக்கு வருசம் குறையும், ரெண்டு வழிக்குமே அது பொருந்தும்.

அடுத்தது அந்த 16 வருசம். அமெரிக்கால 1991ல வந்த பெரிய ஆய்வுல, வாசக்டமி பண்ணி 3 வருசத்துக்குள்ள திரும்ப சேத்தவங்கள்ல 97 சதவீதம் பேருக்கு விந்தணு திரும்ப வந்துச்சு, 76 சதவீதம் ஜோடிக்கு கர்ப்பம் தங்குச்சு. 15 வருசம் தாண்டினவங்களுக்கு அது 71, கர்ப்பம் 30. நாள் ஆக ஆக விதைக்கு மேல இருக்க எபிடிடிமிஸ்ங்கிற சுருண்ட குழாய்லயும் அடைப்பு விழும், அப்பம் வெட்டின ரெண்டு முனைய சேத்தா மட்டும் போதாது, விந்துக்குழாய அதுலயே கொண்டு போய் தைக்கணும், முடிய விட மெல்லிசான நூல் வச்சு மைக்ரோஸ்கோப்ல பண்ணுற வேலை. எல்லாரும் பண்ண மாட்டாங்க. அதனால டாக்டர்ட்ட நேராவே கேளு, உள்ள திறந்து பாத்து அப்படி இருந்தா நீங்களே பண்ணுவீங்களா, இதுவரை எத்தன பேருக்கு பண்ணியிருக்கீங்கன்னு. கூச்சப்படாத. அந்த நேரத்துல விந்தணு கிடைச்சா ஃப்ரீஸ் பண்ணி வைக்க முடியுமான்னும் கேளு, ஆபரேஷன் பலிக்காம போனாலும் அது ஐவிஎஃப்க்கு உதவும்.

இன்னொண்ணு, 2021 ஏஆர்டி சட்டப்படி, அதான் செயற்கை கருத்தரிப்பு சட்டப்படி, ஐவிஎஃப்க்கு ஆணுக்கு 55 வயசுக்குள்ளயும் பொண்ணுக்கு 50க்குள்ளயும் இருக்கணும். ரிவர்சல் பண்ணினா விந்தணு வரவே மூணு மாசம் ஆறு மாசம் ஆவும், சிலருக்கு ஒரு வருசம் கூட ஆவும், கர்ப்பத்துக்கு அதுக்கும் மேல. மூணு வருசம் பாத்துட்டு இனி ஐவிஎஃப் போவோம்னு வந்தா அவருக்கு 54, உனக்கு 38. இத அவரையும் பக்கத்துல உக்கார வச்சு காட்டு.

கொட்டில்பாடு தம்பி:
அக்கா, நான் ஆம்பள, பேசலாமான்னு யோசிச்சு தான் எழுதுதேன். 2004 சுனாமில எங்க கரையில எத்தன பிள்ளைய போச்சுன்னு எல்லாருக்கும் தெரியும். டியூப் கட்டினவங்களுக்கு அப்பம் அரசு செலவுல திரும்ப சேக்குற ஆபரேஷன் பண்ணுனாங்க. எங்க அக்காளும் பக்கத்து வீட்டு மாமியும் ஒண்ணா போனாங்க. அக்காளுக்கு அப்பம் 28, ரெண்டாம் வருசம் பொம்பளப் பிள்ள பிறந்துச்சு. மாமிக்கு 39, ஆபரேஷன் நல்லா முடிஞ்சுதுன்னு தான் டாக்டர் சொன்னாரு, ஆனா கடைசி வரைக்கும் தங்கல. மாசா மாசம் எதிர்பாத்து எதிர்பாத்து அவங்க கோயிலுக்கு போறதயே நிறுத்திட்டாங்க. பொம்பளைக்கு பண்ணுறது வேற ஆம்பளைக்கு பண்ணுறது வேறன்னு தெரியும், ஆனா நர்ஸக்கா சொன்ன வயசு விசயம் நாங்க கண்ணால கண்டது, அதான் எழுதினேன்.

தக்கலை மைனி:
நாங்க இக்ஸி பண்ணினவிய, அதுவும் ஐவிஎஃப் தான், ஒரு விந்தணுவ ஊசியால முட்டைக்குள்ளயே வைக்கது. எனக்கு அப்பம் 37, எங்க வீட்டுக்காரருக்கும் பழைய வாசக்டமி தான். விதையில ஊசி போட்டு விந்தணு எடுத்தாவ, அன்னைக்கே வீட்டுக்கு வந்தாச்சு, அவருக்கு ரெண்டு நாள் வலி. எனக்கு பத்து பன்னெண்டு நாள் வயித்துல ஊசி, பிறகு மயக்கம் குடுத்து முட்டை எடுத்தாவ. முதல் தடவ தங்கல. அன்னைக்கு தக்கலை பஸ்ஸ்டாண்டுல உக்காந்து அழுதது எனக்கு மட்டும் தான் தெரியும். ஃப்ரீஸ் பண்ணின கரு ரெண்டு இருந்துச்சு, ரெண்டாவது தடவ தங்குச்சு, மகனுக்கு இப்பம் நாலு வயசு. ரூவா பேசும்போ ஒரு தடவைக்கு மட்டும் கணக்கு பாக்காத மக்களே. ஊசி மருந்து, ஃப்ரீஸிங், அடுத்த தடவ கரு வைக்கது எல்லாம் தனித்தனி பில்லு, முதல்லயே எழுதி வாங்கு. திருவனந்தபுரம் எஸ்ஏடி அரசு ஆஸ்பத்திரிலயும் ஐவிஎஃப் இருக்கு, அங்கயும் ஒருக்க விசாரி. ரெண்டு மூணு பிள்ள வேணும்னு நினைக்கவங்களுக்கு, வயசும் குறைவுன்னா ரிவர்சல் நல்லது தான், அத நான் குறை சொல்ல மாட்டேன். உனக்கு ஒண்ணு தானே கேக்கு.

குலசேகரம்காரி:
எல்லாரும் இவ்வளவு எழுதுவியன்னு நினைக்கல. தம்பி, அந்த மாமிய நினைச்சு ராத்திரி உறக்கம் வரல. நர்ஸக்கா எழுதினத அவியளுக்கு வாசிச்சு காட்டினேன், 54, 38ன்னு வந்த இடத்துல "திரும்ப வாசி"ன்னு சொன்னாவ. பிறகு ஒண்ணும் பேசல, முற்றத்துல போய் உக்காந்துட்டாவ. காலைல பால் எடுத்துட்டு வந்து, டெஸ்டுக்கு நானும் வாறேன், பீரியட்ஸ் வந்த அன்னைக்கே சொல்லுன்னாவ. மாமிட்ட ரிசல்ட் வந்த பிறகு சொல்லலாம்னு இருக்கோம்.